பத்தாவது பெயர்

துப்புரவுத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்று. அடுத்தது, பெயர்ப்பலகைக்கு என்ன கலர் வைக்கலாம் என்று. சட்டப்படி என்னென்ன செய்யவேண்டும் என்ற கேள்வி எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வரும். அதுவும் கூட வந்தவர் இடுப்பில் இடித்து ஞாபகப்படுத்தினால்தான். உங்களைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி இல்லை. பலகைக்குப் பச்சையா நீலமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான்.

காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை நீங்களே செல்போனில் செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மாநகராட்சியில் தொழில் உரிமம், தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு, வரவு வரம்பைத் தாண்டினால் ஜி.எஸ்.டி., வாடிக்கையாளரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். கேட்கிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், வாசலிலேயே முடியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இவையெல்லாம் படிவங்கள். பொறுமையாக உட்கார்ந்தால் நிரம்பிவிடும். எல்லாப் படிவமும் நிரம்பியிருந்தும் நான் வழுக்கி விழுந்த கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

தொழில் தொடங்குமுன் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே துடைக்கிற திரவம் எதுவானாலும் பாட்டிலில் சீட்டு ஒட்டியிருக்கும். இது ஆசிட், இது சோப்பு, இதை அதோடு சேர்க்காதே என்று எழுதி, படமும் போட்டிருப்பார்கள். பெரிய கம்பெனிக்காரர்களின் பந்தா என்று மனதுக்குள் சிரிப்பேன். காஞ்சிபுரத்தில் சொந்தமாகத் தொடங்கியபோது பெரிய கேனில் ஆசிட் ஒன்று, பிளீச்சிங் தண்ணீர் ஒன்று என்று வாங்கினேன். காலையில் நானே அவற்றைக் காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தனுப்புவேன். சீட்டெல்லாம் இல்லை. நீல மூடி என்றால் ஆசிட், வெள்ளை மூடி என்றால் பிளீச்சிங். என்னிடம் வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இது சீட்டைவிடச் சிறந்த ஏற்பாடு என்று எனக்கு ஒரே பெருமை.

அப்போது தொழிலுக்கு நான்காவது வருடம். என்னிடம் செல்வி என்று ஒருத்தி இருந்தாள். திருப்பருத்திக்குன்றத்துக்காரி, நாற்பது வயதை ஒட்டியிருந்தாள். கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் ஒரு தெருவில் ஐந்து வீடுகள் எங்களுக்கு வாடிக்கை. அந்த ஐந்தும் செல்வியை நம்பித்தான் எனக்குக் கிடைத்தன. தறி இருக்கிற வீட்டில் வெளி ஆள் நுழைவதே பெரிய விஷயம். ஒரு ஈரத்துணி தவறிப் பாவின்மேல் பட்டால், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு நூல்மேல் பட்டால், பல நாள் உழைப்பு வீண். செல்வி தறி அறையில் நடக்கும்போது முந்தானையைக்கூட இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வாள்.

அந்தத் தெருவில் ஏகாம்பரம் என்பவர் வீடு. தலைமுறை தலைமுறையாக நெசவு. முகூர்த்தப் புடவை ஒன்று அவர் தறியில் பாதி ஓடியிருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கானது, தேதி குறித்துக் கொடுத்த ஆர்டர். அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். தறி அறை காலியாக இருக்கும் என்பதால், அன்றைக்கே குளியலறையைத் தேய்த்துக் கழுவ எங்களைக் கூப்பிட்டார்கள். பழைய போர்வை ஒன்றைத் தறிமேல் போர்த்திவிட்டு ஏகாம்பரம் கோயிலுக்குப் போய்விட்டார். குளியலறைக் கதவு தறி அறையைப் பார்த்துத்தான் திறக்கும்.

அன்று காலை எனக்குத் தலைபோகிற அவசரம். ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் குறைகிறது என்று போன்மேல் போன். பாட்டில்களை நிரப்பிக்கொண்டே வந்தபோது நீல மூடி தீர்ந்துவிட்டது. கையில் கிடைத்த வெள்ளை மூடியை ஆசிட் பாட்டிலுக்கும் போட்டுத் திருகினேன். செல்வி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செல்வி வந்தாள், பையை எடுத்தாள், போனாள். நான் அப்போதும் போனில்தான் இருந்தேன்.

மறுநாள் காலை ஏகாம்பரம் கூப்பிட்டார். "பாயம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். இந்த ஊரில் முஸ்லிம் வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது. அவர் குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

போர்வையை விலக்கிக் காட்டினார். புடவையின் இரண்டு கரைக்குமான ஜரிகை இழைகள் தறியில் நீளமாக ஓடிக்கொண்டிருந்தன. குளியலறைப் பக்கம் இருந்த இழைகள் கருத்துப் பச்சையாகிக் கிடந்தன.

"நேத்து காலைல தங்கமாட்டம் இருந்துச்சு. இப்பப் பாருங்க, பாசி புடிச்சாப்பல இருக்குது. எங்க வூட்டுல சொல்றாங்க, உங்க பொம்பள கழுவும்போது பச்சையா ஒரு புகை வந்துச்சாம். கண்ணத் தொறக்க முடியலையாம். அப்படி என்னாதான் ஊத்துனாங்க?"

ஏகாம்பரத்தின் மனைவி எனக்கு நடந்ததைச் சொன்னார். தரையில் கறை போகவில்லை என்று செல்வி ஒரு பாட்டிலை ஊற்றித் தேய்த்திருக்கிறாள். அப்போதும் போகவில்லை. அதே வெள்ளை மூடிதானே என்று இரண்டாவது பாட்டிலையும் ஊற்றியிருக்கிறாள். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் நச்சுப் புகை கிளம்பும்; போர்வைக்குள்ளும் புகுந்து ஜரிகையை அரித்துவிடும். செல்வி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

குளியலறை மூலையில் எங்கள் வாளி இருந்தது. அதற்குள் இரண்டு காலி பாட்டில். இரண்டுக்கும் வெள்ளை மூடி. பார்த்த அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீங்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளவேண்டும்: எனக்கு அப்புறமாகத்தான் தெரியவந்தது என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

என் கைப்பையில் ஒப்பந்தம் இருந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்தது. வீட்டில் உள்ள பொருளுக்குச் சேதம் வந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் ஒரு வரி உண்டு. அதை எப்படி எடுத்து நீட்டுவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது ஏகாம்பரமே சொன்னார்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் பாயம்மா, எனக்குத் தெரியும். உங்கள எதுவும் கேக்கல. கெட்டுப்போன இழையெல்லாம் வெட்டிட்டு, ஒண்ணு ஒண்ணா புது ஜரிகைய சேக்கணும். அது என் பாடு. ஆனா அந்தப் பொம்பள இனிமே இந்தத் தெருவுக்குள்ள வரக்கூடாது. மத்த வூட்டுலயும் சொல்லிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க, வரமாட்டா" என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஒப்பந்தம் என்னைக் காப்பாற்றிவிட்டது, வாடிக்கை ஐந்து வீடும் கைவிட்டுப் போகவில்லை, போனது செல்வியின் பிழைப்பு மட்டும்தான். அவளுக்குப் போன் செய்து, இரண்டு மூன்று நாள் வரவேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றேன். "சரிம்மா" என்றாள். நடுவே இருமினாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவள் போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் எடுத்து, அக்காவால் பேச முடியவில்லை என்றாள். ஆட்டோ பிடித்துத் திருப்பருத்திக்குன்றம் போனேன். செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று நாளாக உட்கார்ந்தேதான் இருந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். "உக்காரு செல்வி" என்று தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"யோசிச்சுக்கினே இருக்கேன் பாயம்மா" என்றாள். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். "ரெண்டும் வெள்ள மூடியாத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீலத்தப் போயி வெள்ளன்னு பாத்துட்டேனா, இல்ல எது ஆசிட்டுன்னே மறந்துட்டேனா, ஒண்ணும் புரியல. எனக்குப் புத்திதான் கெட்டுப்போச்சு போல. பாவம் அந்தத் தறிக்காரரு."

அப்போதாவது நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவர், வேலை செய்கிற இடத்தில் நடந்ததா, இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேட்டார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். முதலில் நான் உங்களுக்குச் சொன்ன பட்டியலில் இந்த ஒன்றை விட்டுவிட்டேன், கவனித்தீர்களா? அந்தக் காலத்திலும் அப்படித்தான் விட்டிருந்தேன். வேலைக்குப் பத்துப் பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். என்னிடம் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். பதிவேட்டில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பத்தைத் தொட்டால் தொல்லை என்று கணக்குப் பார்க்கிற ஆலோசகர் சொன்னார். எனக்கும் அது இனித்தது. விட்டுப்போன மூன்று பேரில் செல்வி ஒருத்தி. அவள்தான் எதுவும் கேட்கமாட்டாளே, அதனால்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். செல்வியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"எதம்மா ஊத்துனீங்க?"

"பாத்ரூம் கழுவுற தண்ணிமா. ரெண்டு பாட்டிலு."

"என்ன பேரு போட்டிருந்துச்சு அதுல?"

"பேரெல்லாம் இல்லமா. தண்ணி பாட்டிலுதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எதோட புகைன்னு தெரியாம நான் என்ன மருந்து குடுக்கறது? நீங்க யாரு இவங்களுக்கு?"

தெரிந்தவள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் செல்வி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பொய்யை எடுத்து வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"நான்தான் வேலைக்கு வச்சவ. ஒண்ணு ஆசிட், ஒண்ணு பிளீச்சிங். ரெண்டுக்கும் நீல மூடி, வெள்ளை மூடின்னு அடையாளம். அன்னிக்கு நீல மூடி இல்லாம ரெண்டுக்கும் வெள்ளை மூடியப் போட்டது நான். இவளுக்குச் சொல்லல" என்றேன்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் எந்த வேலையும் கூடாது என்று அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரல் ஜாஸ்தியாகக் கெட்டிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

செல்வியோடு ஆட்டோவில் திரும்பினேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்ப நான் மறக்கலையா பாயம்மா?" என்றாள்.

"நீ ஒண்ணும் மறக்கல. நான் செஞ்ச தப்பு."

"அப்பாடா" என்று மூச்சு விட்டாள். "மூணு நாளா ரெண்டு பொண்ண வச்சுக்கினு பைத்தியம் புடிச்சிடுமோன்னு பயந்துட்டேன்மா."

எனக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். இழை சேர்க்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அறுந்த பழைய ஜரிகையின் நுனியையும் புது ஜரிகையின் நுனியையும் விரலில் வைத்து முறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழைக்கும் இப்படி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மூடி முதல் பதிவேடு வரைக்கும்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வாளிய எடுத்துக்கினு போனீங்களே, அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவர் கையில் இருந்த இழையைக் கீழே வைத்தார். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"ஜரிகை கெட்டுச்சுன்னா மாத்திக்கலாம் பாயம்மா. இந்தத் தெருவுல இருக்கிற அத்தன வூட்டுலயும் அந்தம்மா பேரச் சொல்லிட்டு வந்துட்டேனே. அத எப்படி மாத்துறது? எனக்கு என்னாத்துக்கு இந்தப் பாவம்?"

சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். "நீங்களும் வாங்க" என்றார். வீடு வீடாக ஏறினோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் முதலில் பேசுவார்: "அன்னிக்குச் சொன்னேன் பாரு, அது தப்பு. அந்தம்மா மேல ஒண்ணும் இல்ல. மிச்சத்த இவங்க சொல்லுவாங்க." மிச்சத்தை நான் சொல்லவேண்டும். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்காவது வீட்டில் கொஞ்சம் பழகிவிட்டது. ஒரு வீட்டில், இனி உங்கள் ஆளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான் என்று வந்துவிட்டேன்.

ஜரிகை சேர்த்ததில் ஏகாம்பரத்துக்கு நாட்கள் ஓடிவிட்டன. கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது. அடுத்த அமாவாசையன்று ஊர் முழுக்கத் தறிகள் ஓய்ந்திருக்க, அந்தத் தெருவில் அவர் தறி மட்டும் ஓடியது. அவர் வீட்டில் அப்படி நடந்ததே கிடையாதாம். புடவை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை நான் எதைக் கொடுத்தும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, சீட்டு ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டு ஒட்டுங்கள். தறி இருக்கிற வீட்டில் ஆசிட்டைத் தொடாதீர்கள். ஒப்பந்தத்தை உங்களைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் எழுதாதீர்கள். இதெல்லாம் யாரும் சொல்லக்கூடிய புத்திமதி; நானும் சொல்லிவிட்டேன். ஆனால் நெருக்கடியில் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது உங்களைத் தப்பவைக்கிற வார்த்தையாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. வந்த பிறகும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், அந்த மூன்று நாளும் இன்னொருத்தி மூச்சில் போனது.

இரண்டு வாரம் கழித்து செல்வியையும் விட்டுப்போன மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு ஆலோசகரிடம் போனேன். பன்னிரண்டு பேரையும் பதிவு செய்யவேண்டும் என்றேன். கம்ப்யூட்டரில் ஏற்றுமுன் நிரப்பவேண்டிய தாள்களை எடுத்துப் போட்டார். ஒன்பது பெயர் எழுதியாகிவிட்டது. பத்தாவதாக செல்வியின் பெயரை எழுதிவிட்டு, வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இன்னிக்குத் தேதியப் போட்டுக்கலாம்மா. பழைய தேதி போட்டீங்கன்னா, இத்தன வருஷமா ஏன் சேக்கலன்னு நோட்டீஸ் வரும். அபராதம் வரும். எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையும் பார்த்தாள், ஆலோசகர் முகத்தையும் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னிக்குத்தான் சேந்தேன் சார்" என்றாள், சட்டென்று. "அப்படியே போட்டுக்குங்க."

எனக்காகச் சொன்னாள். யாரும் கேட்காமல் சொன்னாள்.

ஆலோசகர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அந்தத் தாளின் மேலேயே நிறுவனம் தொடங்கிய தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதை முன்னமே நிரப்பியிருந்தார். நான் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, பலகை மாட்டி, கதவைத் திறந்த அன்றைக்குத் துடைப்பத்தோடு வந்து நின்ற முதல் ஆள் செல்வி. மேலே இருந்த தேதியைப் பார்த்துப் பார்த்து, அதையே அவள் பெயருக்கு நேராகவும் எழுதினேன்.